ஹாவிஸ் சீமாட்டி கொடுத்த வாள்

என் தம்பி டெரியனுக்கு வாள் கிடைத்த சேதி, அவன் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கழுதையில் உப்பு ஏற்றி வருகிறவன் வாசலில் நின்று சொன்னான். கெர்வேல் கோட்டையின் ஹாவிஸ் சீமாட்டி யாத்திரை முடிந்து திரும்பும் வழியில், பக்கத்துப் பிரபுவின் ஆட்கள் அவளைப் பல்லக்கோடு மடக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். விதவை. அவளைக் கட்டாயப்படுத்திக் கட்டிக்கொண்டால் கோட்டை அந்தப் பிரபுவுக்கு வந்துவிடும். எதிரே மரப்பாலத்தில் தனியாக வந்துகொண்டிருந்தவன் என் தம்பி. பாலத்தை மறித்து நின்று ஐந்து பேரோடு மோதி, இரண்டு பேரை ஆற்றில் தள்ளி, மற்றவர்களை ஓடவிட்டு, சீமாட்டியை அவள் கோட்டை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். எதுவும் வேண்டாம் என்று கிளம்பியவனை நிறுத்தி, சபை கூட்டி, தன் குடும்ப வாளையே அவள் கொடுத்துவிட்டாளாம்.

"நாலு பிரபுக்கள் கேட்டும் குடுக்காத வாளும்மா அது" என்றான் உப்புக்காரன்.

டெரியனை வளர்த்தவள் நான். அம்மா இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதின்மூன்று. அப்பா அவனுக்கு விட்டுப்போனது ஒரு பழைய இரும்புக் கவசமும் ஒரு குதிரையும்தான். நிலம் கிடையாது. நிலமில்லாத வீரன் விருந்து மேசையில் கடைசியில்தான் உட்கார வேண்டும். அவனுக்கு இப்படி ஒரு பெயர் வந்ததில் நான் அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படாமல் திரிந்தேன்.

கோடையில் வரும் யோவான் திருநாளுக்கு மறுநாள் அவன் வந்தான். என் புருஷன் குர்வான் வாசலில் கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்தார். அவரும் வீரர்தான். ஆனால் எங்கள் காணி சின்னது, ஆள் வைத்து உழ முடியாது.

"எழுந்து நில்லுங்க அத்தான். பெரிய மனுஷன் வந்திருக்கான்."

"குதிரையைப் பாத்தா அப்படித் தெரியலையே மச்சான். எலும்பை எண்ணிடலாம் போல இருக்கு."

"அது என்னோட பட்டினி கிடந்த குதிரை. மரியாதையாப் பேசுங்க."

இடது கையில் துணி சுற்றியிருந்தான். பிரித்துப் பார்த்தேன். சுண்டு விரலும் அடுத்த விரலும் இல்லை. பாலத்துச் சண்டையில் போயிருந்தன.

"அழாதக்கா. கடிவாளம் பிடிக்க மூணு போதும். இதைப் பாரு முதல்ல."

உறையிலிருந்து வாளை உருவினான். தந்தப் பிடி, முனையில் பளிங்குக் குமிழ், அதற்குள் ஏதோ ஒரு புனிதரின் பல். அப்படியொரு பொருள் எங்கள் வீட்டுக்குள் அதற்குமுன் வந்ததில்லை. என் நாலு வயது மகள் டீஃபேன் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்லு வலிக்குமா?" என்று கேட்டாள். டெரியன் சிரித்தான்.

குர்வான் சிரிக்கவில்லை. வாளை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்து, "குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று போய்விட்டார். பொறாமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

டெரியனுக்குப் பார்லி ரொட்டியும் உப்பு வெண்ணெயும் எடுத்து வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"வாளோட ஒரு வேலையும் குடுத்திருக்காங்கக்கா. கேட்டதைச் செய்வேன்னு அந்தப் பிடி மேலயே கை வச்சு சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன். அப்புறமா என்னைத் தனியாக் கூப்பிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாங்க."

"என்னன்னு தெரியாமலேயா சத்தியம் பண்ணே?"

"சபையில அத்தனை பேர் பாத்துக்கிட்டிருக்காங்க. இந்த வாளைக் கையில நீட்டிக்கிட்டிருக்காங்க. என்ன வேலைன்னு சொல்லுங்க, யோசிச்சுச் சொல்றேன்னா கேக்க முடியும்?"

விஷயம் இதுதான். ஹாவிஸுக்கு அலோர் என்று ஒரே மகன். பதினெட்டு வயது. ஆறு வருஷத்துக்கு முன்பு, புதிதாக வீரனாகியிருந்த அவன், எலோர்ன் ஆற்றுத் துறையில் போய் நின்று, தன்னோடு பொருதாமல் எவனும் கடக்கக் கூடாது என்று மறித்திருக்கிறான். அந்த வயதுப் பிள்ளைகள் செய்வதுதான். வந்த ஒருவன் அவனைக் கொன்றுவிட்டான். யாரென்று தெரியாது. பிணத்தின் நெஞ்சின் மேல், அவன் கொண்டுபோயிருந்த இந்தக் குடும்ப வாளையே கிடத்தியிருந்தது. கொன்றவனை அடுத்த யோவான் திருநாளுக்குள் கண்டுபிடித்து, இதே வாளால் கொல்ல வேண்டும்.

"அடையாளம் ஒண்ணு இருக்கு. பையன் காயத்துல ஒரு துணி கட்டியிருந்துச்சு. கொன்னவனோடது. நீ தறி நெய்யறவ. எந்த ஊர் நெசவுன்னு உனக்குத் தெரியும், சொல்லு."

பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தான். நீலக் கம்பளி இடுப்புக் கச்சை. சிவப்பில் பார்லிக் கதிர் வரிசை. பாதிக்கு மேல் பழைய ரத்தம் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. ஒரு ஓரத்தில் நாலு கதிர்கள் மட்டும் தலைகீழாக இருந்தன. என் கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலத்தில் நான் நெய்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் இழை மாற்றிப் போட்டு, பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். கல்யாணத்தன்று குர்வான் அதைக் கட்டிக்கொண்டார்.

துறையில் நடந்ததை அவர் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும். வழி விடச் சொன்னாராம், அவன் விடவில்லை, பெயரும் சொல்லவில்லை. விழுந்த பிறகு தலைக்கவசத்தைக் கழற்றினால் மீசைகூட முளைக்காத முகம். கச்சையை அவிழ்த்துக் கட்டி ரத்தத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறார். நிற்கவில்லை. பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன்பிறகு தன் கேடயத்துச் சின்னத்தை அழித்து வேறு வரைந்துகொண்டார். அந்தத் துறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

"என்னக்கா, தெரியுதா?"

"இது நம்ம பக்கத்து வேலை இல்லடா" என்றேன். "கிழக்கே, நார்மன்காரங்க பக்கம் இப்படி நெய்வாங்க."

அவன் என்னை நம்பினான். சின்ன வயதிலிருந்து நான் சொன்னதை அவன் நம்பாமல் இருந்ததே இல்லை. மறுநாள் காலை கிழக்கே கிளம்பிப் போனான்.

அவன் போனதும் குர்வான் கொட்டகையிலிருந்து வந்தார். கச்சையைப் பற்றியும் சத்தியத்தைப் பற்றியும் ராத்திரியே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"சொல்லியிருக்கலாம், எனோரா."

"சொன்னா? என்ன ஆகும்னு சொல்லுங்க."

"அந்த அம்மா கிட்ட நானே போறேன். முட்டி போட்டு, நான்தான்னு சொல்லிடறேன்."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள தலை உருண்டுடும். அப்புறம் இந்தக் குழந்தையைக் கூட்டிக்கிட்டு நான் எந்த மடத்து வாசல்ல போய் நிக்கறது?"

அவர் காலைக் கட்டிக்கொண்டேன். ஒரு வருஷம்தானே, தம்பி தேடிக் களைத்துவிடுவான், சீமாட்டியும் மறந்துவிடுவாள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் நின்றுவிட்டார். என் பேச்சைக் கேட்டுத்தான் நின்றார்.

அறுவடை முடிந்து, பனி விழுந்து, தவக்காலமும் வந்தது. அங்கங்கே டெரியனைப் பற்றிக் காதில் விழுந்தது. ஒரு கோட்டையில் விருந்துக்கு உட்கார்ந்தவனை, "வாள் மட்டும் பெரிசு, வார்த்தை சின்னது" என்று யாரோ சொல்ல, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டானாம். கச்சையைக் காட்டி ஊர் ஊராகத் தறிக்காரிகளிடம் கேட்கிறானாம். கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொள்கிறார்களாம்.

பாஸ்கா பண்டிகை முடிந்த வாரம் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். நடந்து வந்திருந்தான். குதிரை குளிரில் செத்துவிட்டது. கன்னம் ஒட்டி, பூட்ஸை வைக்கோலால் கட்டியிருந்தான். இடுப்பில் வாள் மட்டும் பளபளவென்று இருந்தது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, கடைசி காலத்து அப்பாவைப் போல் இருந்தான்.

கஞ்சி ஊற்றினேன். குர்வான் எதிரே உட்கார்ந்து அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ தேடறது என்னைத்தான்" என்றார்.

டெரியன் கஞ்சிக் கிண்ணத்தோடு சிரித்தான். "இதுல விளையாட வேண்டாம் அத்தான். நான் விளையாட்டுத் தாங்கற நிலைமையில இல்ல."

"துறையில நின்னது நான்தான். கச்சை என்னோடது. வாளை அவன் நெஞ்சு மேல வச்சதும் நான்தான்."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு டெரியன் என்னைப் பார்த்தான். கச்சையை நெய்தது யார் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அக்கா, உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

ஆமென்று தலையாட்டினேன். அவன் திட்டவில்லை. எழுந்து, எங்கள் உழவுக் குதிரையை இரவல் கேட்டு, அப்போதே கெர்வேல் கோட்டைக்குக் கிளம்பினான். வாளைத் திருப்பிக் கொடுத்து, சத்தியத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றான்.

நாலாம் நாள் திரும்பி வந்தான். வாளும் கூடவே வந்தது.

"காலடியில வச்சேன் அத்தான். சபையில நின்னு, நான் வாக்குத் தவறினவன், என்னை அடிச்சுத் துரத்துங்கன்னு சொன்னேன். எவ்வளவு கேவலப்படணுமோ அவ்வளவும் பட்டேன். அவங்க எடுத்துக்க மாட்டேங்கறாங்க. யாருன்னு கேட்டாங்க. நான் சொல்லல. ஆனா அவங்க கொழுந்தன் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தான், 'நீ வாயைத் திறக்காம மறைக்கறதுன்னா அது உன் வீட்டு ஆளாத்தான் இருக்கணும்'னுட்டான்."

"கொழுந்தனா?" என்றேன்.

"குளிர்காலத்துல முப்பது ஆளோட வந்து உக்காந்திருக்கான். அவனும் பழி தீக்கறதா சத்தியம் பண்ணியிருக்கான். நான் செய்யலேன்னா அவன் வந்து வீட்டோட கொளுத்துவானாம். அவனை இனிமே தன்னால நிறுத்த முடியாதுன்னு அந்த அம்மாவே சொன்னாங்க." அவன் என் பக்கம் திரும்பாமலே அடுத்ததைச் சொன்னான். "போன யோவான் திருநாளப்பவே நீ வந்து சொல்லியிருந்தா, நானும் நீயும் மட்டும்தானே பேசியிருப்போம்னாங்க. அப்ப வேற யாருக்கும் எதுவும் தெரியாதுன்னாங்க."

நான் அடுப்பருகே நின்றேன். எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். டெரியன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். அதே துறையில், சீமாட்டியின் சாட்சி ஒருவன் முன்னால் பொருதுவது. மூன்று அடி. மூன்றாவது அடியில் குர்வான் விழுந்து சரணடைய வேண்டும். சரணடைந்தவன் உயிர் வென்றவனுக்குச் சொந்தம். அந்த உரிமையில் உயிர்ப்பிச்சை கொடுத்து, அவரை எருசலேமுக்குப் பாவப் பரிகாரம் செய்ய அனுப்புவதாக அறிவித்துவிடுவான்.

"மூணாவது அடி விலாவுல. கவசத்துல பட்டு வழுக்கற மாதிரி போடறேன். கொஞ்சம் வலிக்கும். நல்லா நடிக்கணும் அத்தான், நீங்க பொய்ன்னா ரொம்ப மோசம்."

"விழறதுதானே? அதுக்கு என்ன திறமை வேணும்" என்று குர்வான் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் நம்பிக்கை வந்தது.

குறித்த நாள் காலை, ஆற்றுப் பக்கம் மூடுபனி. குர்வான் கொட்டகையிலேயே உடுத்திக்கொண்டு வந்தார். நான் தைத்துக் கொடுத்த நீளக் கை அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. டீஃபேனைத் தூக்கி முத்தம் கொடுத்தார். என்னிடம், "மாட்டுக்கு இன்னும் தீனி வைக்கல, பாத்துக்கோ" என்றார். இருவரும் கிளம்பினார்கள். போகும்போது ஏதோ பேசிக்கொண்டுதான் போனார்கள்.

மாட்டுக்கு ஓட்ஸ் அள்ளக் குதிருக்குள் கை விட்டேன். விரல் இரும்பில் பட்டது. தானியத்தை ஒதுக்கினேன். அவருடைய வளையக் கவசம். அழகாக மடித்து வைத்திருந்தார்.

டீஃபேனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். துறை அரைக் காத தூரம். வழியில் செருப்பு போயிற்று. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். மூடுபனியில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கூழாங்கல் மேல் மல்லாந்து கிடந்தார். டெரியன் முட்டி போட்டு இரண்டு கையாலும் அவர் விலாவை அழுத்திக்கொண்டிருந்தான். மூன்று விரல் கையின் இடைவெளி வழியாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சாட்சிக்கு வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான்.

"அக்கா, கவசம் இல்லக்கா. கவசமே போடல. நான் மெல்லத்தான்... சத்தியமா மெல்லத்தான் அடிச்சேன்."

குர்வானுக்கு இன்னும் நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார்.

"அவன் மேல தப்பு இல்ல" என்றார். "சரணடைஞ்சா அவங்க விடமாட்டாங்க, எனோரா. இப்ப யாரும் வீட்டுக்கு வரமாட்டாங்க."

அதற்குமேல் பேசவில்லை. வெயில் வந்து மூடுபனி விலகும்போது அவர் இல்லை.

அவர் சொன்னது போலவே யாரும் வரவில்லை. கொழுந்தன் தன் ஆட்களோடு ஊர் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். டெரியன் அடக்கத்துக்கு வந்தான். கல்லறைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான், இந்தப் பக்கம் நான் நின்றேன். அவனைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவன் கையைப் பார்த்தால் அந்த ரத்தம் தெரிந்தது, முகத்தைப் பார்த்தால் நான் சொன்ன பொய் தெரிந்தது. அடக்கம் முடிந்ததும் அவன் போனான். வாளைச் சீமாட்டியிடம் சேர்ப்பதற்காகப் போயிருக்கிறான்.

மூன்று வாரம் கழித்துக் கெர்வேல் கோட்டையிலிருந்து ஆள் வந்தான். தம்பி படுத்த படுக்கையாக இருக்கிறான், சாப்பிடுவதில்லை, வந்து பார்க்க வேண்டும் என்று சீமாட்டி சொல்லி அனுப்பியிருந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

ஹாவிஸ் சீமாட்டியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். சின்ன உருவம், நரைத்த புருவம். டெரியனின் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து அவன் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "டெரியன்" என்று கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். அவன் அசையவில்லை.

சீமாட்டி என்னை ஜன்னலருகே கூட்டிப் போனாள். என் மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன், நானும் கோபப்படத் தயாராக வந்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"உன் புருஷன் உன்கிட்ட அதைப் பத்திச் சொல்லியிருப்பாரே" என்றாள். "என் புள்ள கடைசியா ஏதாவது சொன்னானா?"

"சொன்னான்மா."

"என்ன சொன்னான்?"

"குதிரையை மரத்துல கட்டியிருந்தானாம். அவுத்து விடுங்க, காலையிலேர்ந்து அதுக்குத் தண்ணி காட்டலேன்னு சொன்னானாம். இவர் அவுத்து விட்டுட்டு வந்து பாத்தப்ப உயிர் போயிருந்துச்சாம்."

அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"குதிரை தானா வீட்டுக்கு வந்துச்சு" என்றாள். "எப்படி அவுத்துக்கிட்டு வந்துச்சுன்னு ஏழு வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்." பிறகு, "இதை ஒரு ஆள் வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அவர் வரக் கிளம்பினார், நான்தான் காலைக் கட்டிக்கொண்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் விட்டிருப்பாளா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. விட்டிருப்பேன் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

டெரியன் இன்னும் இரண்டு நாள் இருந்தான். அந்த இரண்டு நாளும் நான் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவனுக்குப் பிடித்த மாதிரி, பாதத்தைத் தேய்த்துவிட்டேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் பக்கம் திரும்பவும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பாதிரியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசினார். சாயங்காலம் போய்விட்டான்.

அவனைத் தன் மகனுக்குப் பக்கத்தில் புதைக்கலாமா என்று சீமாட்டி கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் புதைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் நடக்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் டீஃபேன் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்ததும், மாமா எப்போது வருவார் என்று கேட்பாள்.